கருநாக்கு லஸ்கர்

1987ஆம் வருஷம் ஆவணி மாதம், நத்தங்குளத்துக்காரர்கள் மொக்கைச்சாமியைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் எரித்தார்கள். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். கண்மாய்க்கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, தான் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊரில் யாரோ ஒரு மகாபாவி இருக்கிறான், அவனால்தான் வானம் அடைத்துக்கொண்டது என்று வைக்கோலில் ஓர் ஆளைச் செய்வார்கள். கயிறு கட்டித் தெருவில் இழுத்து, பெண்கள் தலையை விரித்துப்போட்டு மாரடித்து அழுது, கடைசியில் கொளுத்திவிடுவார்கள். பாவி இன்னார் என்று பெயர் சொல்வதில்லை. அந்த ஒரு நாகரிகமாவது சடங்கில் இருந்தது. அந்த வருஷம் அதுவும் போயிற்று. வைக்கோல் ஆளுக்குக் காக்கிச்சட்டை மாட்டி, ஷட்டர் திறக்கிற சாவி மாதிரி ஒரு கம்பியை வளைத்துக் கையில் செருகியிருந்தார்கள். பார்த்த சின்னப்பிள்ளைகூட “லஸ்கர்” என்றது.

காக்கிச்சட்டை ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். ஆனால் இந்தச் சட்டையின் கக்கத்தில் நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. போட்டவள் அவர் மனைவி சண்முகத்தாய். போன வெள்ளிக்கிழமை கொடியில் காய்ந்த சட்டையைக் காணவில்லை என்று அவள் வீடெல்லாம் தேடியிருந்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்து, மீன்குழம்பு ஊற்றி வயிறாரத் தின்றுவிட்டுப் போனவன் ஒரே ஒருத்தன், அவளுடைய தம்பி தங்கச்சாமி. நத்தங்குளம் அவள் பிறந்த ஊர்.

லஸ்கர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் ஓர் ஓடையை மறித்துக் கட்டிய சின்ன அணைக்கட்டுக்குக் காவல். அதில் இரண்டு ஷட்டர்கள். தெற்கு ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் ராஜபாளையம் பக்கம் நத்தங்குளம் கண்மாய்க்குப் போகும். வடக்கு ஷட்டரைத் தூக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகும். எதை எத்தனை நாள், எத்தனை அங்குலம் தூக்க வேண்டும் என்பது ஆபீசில் எழுதிக்கொடுத்த முறை. அந்த முறையில் ஓர் அரை அங்குலம்கூட மொக்கைச்சாமி பிசகியதில்லை. அதைப் பணிவாகச் சொல்லவும் அவருக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டு வந்தவனிடம், “தண்ணி என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா, ஒனக்கு அள்ளிக் குடுக்க” என்பார். தெற்கேயும் வடக்கேயும் அவரைக் கரித்துக் கொட்டாத நாக்கு இல்லை.

இன்னொரு வேலையும் உண்டு. அணைக்கட்டை ஒட்டி முள்கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி நட்டிருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதற்குள் விழுந்த தண்ணீரை அளந்து, இத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் கணக்கைக் கொடுக்க வேண்டும். “இன்னைக்கு இருபது மில்லி” என்று அவர் டீக்கடையில் சொன்னால், “ஒரு கட்டிங்குக்குக்கூடக் காணாதே” என்று சிரிப்பார்கள். சிரித்த வாயே பிறகு வேறு கதையும் பேசியது. லஸ்கர் மழையை அந்தக் குப்பியில் பிடித்து ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார் என்று நத்தங்குளத்தில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர், தண்ணீரை வடக்கே விற்றுத் தின்றுவிட்டார் என்று நம்பினார்கள்.

உண்மை என்னவென்றால் விற்பதற்குத் தண்ணீரே இல்லை. அந்த மலைக்கு மழை இரண்டு வழியாக வரும். ஆனி ஆடியில் மேற்குக்காற்று கேரளத்தில் கொட்டியது போக, மிச்சத்தை மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் சாரலாக உதறும். ஓடை முதலில் ஓடுவது அதில்தான். ஐப்பசி கார்த்திகையில் கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று, மலையின் இந்த முகத்தில் வந்து மோதிப் பெய்யும். கண்மாய் நிறைவது அதில். 1987இல் சாரல் அடியோடு ஏமாற்றிவிட்டது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் நோட்டில் வரிசையாகச் சுழி போட்டுச் சுழி போட்டு அவருக்கே வெறுத்துப்போயிற்று.

எரித்த நாள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். “ஒன் தம்பி, கண்மாய்த் தண்ணி பாயுற ஆயக்கட்டுக்காரன் அம்புட்டுப் பேரையும் கூட்டிவச்சு, அத்தான் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லுறவரைக்கும் அந்த ஊரு வாசல மிதிக்கக்கூடாது. மிதிச்சா இங்க திரும்பி வராத.”

சண்முகத்தாய் அழவில்லை. “எம் மானமும் சேர்ந்துதான எரிஞ்சுது” என்றாள். நீல நூல் தன் கைப்பட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

நியாயப்படி தங்கச்சாமி அடுத்த வாரமே வந்து காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஐப்பசி பிறந்ததும் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரே மாதத்தில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பாவியை எரித்தோம், மழை வந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இனி எந்த வக்கீல் வந்தாலும் அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. மறுவருஷம் சாரல் அருமையாகப் பெய்து, நம்பி நட்ட பயிர் பொதி கட்டுகிற நேரத்தில் ஐப்பசி மழை ஏமாற்றியபோது, எரித்த பாவி பிழைத்து வந்துவிட்டான் என்று பேசினார்கள். 1990இல் சண்முகத்தாயின் தாய் செத்துப்போனாள். அவள் போய் ஊர் எல்லையில் நின்று அழுதுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தாள். மொக்கைச்சாமிக்கு அது உறுத்தியது. ஆனாலும் “போ” என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு வீம்பு அந்த மனுஷனுக்கு.

1993இல் ஞானபாக்கியம் என்று ஓர் அம்மா ஜீப்பில் வந்திறங்கினார். வானிலை ஆராய்ச்சி செய்கிறவர். மலையடிவாரத்து மழைக் கணக்குகளைச் சேகரிக்க வந்திருந்தார். மொக்கைச்சாமியின் பழைய நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து படித்தார். அந்த நோட்டை மதித்து ஒருவர் படித்தது அதுதான் முதல் தடவை. மொக்கைச்சாமி தாமாகவே போய் இளநீர் வெட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். அவர் யாருக்கும் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

“அண்ணாச்சி, சாரல் கெட்ட வருஷம் ஐப்பசி மழை நல்லாப் பெஞ்சிருக்கு. சாரல் நல்லாருந்த வருஷம் ஐப்பசி கெட்டிருக்கு. கவனிச்சீங்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“கவனிச்சேன் தாயி. என்னத்துக்குன்னுதான் தெரியல.”

ஞானபாக்கியம் மணலில் விரலால் கோடு போட்டுச் சொன்னார். உலகத்துக்கு அந்தப் பக்கம் பசிபிக் என்று ஒரு பெருங்கடல். சில வருஷங்களில் அதன் மேல்தண்ணீர் கிழக்குப் பக்கம் சூடாகிவிடும். அங்குள்ள மீனவர்கள் அதற்கு எல் நினோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வந்தால் இங்கே மேற்குக்காற்று சோர்ந்துபோகும், மலை தாண்டிச் சாரல் வராது. ஆனால் அதே வருஷம் ஐப்பசியில் கிழக்குக்காற்று பெரும்பாலும் பலமாக இருக்கும். கடல் குளிர்கிற வருஷம் தலைகீழ். நம் இந்துமாக்கடலும் தன் பங்குக்கு இதைக் கூட்டும், குறைக்கும்.

“எப்பவும் இப்படித்தானா?”

“எப்பவும்னு சொல்லமுடியாது அண்ணாச்சி. பத்துக்கு ஆறு ஏழு தடவை. சத்தியம் பண்ற விஷயம் இல்லை இது.”

இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் மொக்கைச்சாமியின் காதில் ஏறவில்லை. ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டுவிட்டது. மழையைத் தடுத்தது அவரில்லை, ஒரு கடல். அன்று மாலையே சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்குப் பாதை பிரிகிற நத்தங்குளம் விலக்கு டீக்கடைக்குப் போனார். ஆயக்கட்டுத் தலைவர் ராக்கப்பன், தங்கச்சாமி, இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். பெஞ்சில் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

ராக்கப்பன் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார். “கடல் சூடாச்சா? எவன் அடுப்பு வச்சான் அதுக்கு?”

“பேரு என்ன சொன்னீக அத்தான்?” என்றான் தங்கச்சாமி. அத்தானிடம் அவன் பேசியது ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான்.

“எல் நினோ.”

“ஏலே நீனா?” தங்கச்சாமி பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “மழையக் கெடுத்தது ஏலே நீனா?”

கடை அதிர்ந்தது. டீ மாஸ்டர்கூட வடிகட்டியை வைத்துவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து மொக்கைச்சாமிக்கு நத்தங்குளத்தில் ஏலேநீனா என்று பட்டப்பெயர். சைக்கிளில் போனால் வேலிக்குப் பின்னாலிருந்து குரல் வரும். மனுஷன் கூனிக் குறுகிப்போனார். எரித்ததைக்கூட மறந்திருப்பார், இந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடியவில்லை. என்றைக்காவது ஒருநாள் தான் சொல்வது பலித்து, இந்தப் பயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். உள்ளூர அந்த ஆசையைத் தீனி போட்டு வளர்த்தார்.

1997இல் சாரல் மறுபடி கெட்டது. ஆவணி வாக்கில் பத்திரிகைகளிலேயே எல் நினோ என்று எழுத ஆரம்பித்தார்கள், இந்த நூற்றாண்டிலேயே பெரியது, நாடே வறண்டுவிடும் என்று. நாலு வருஷம் சிரித்த வாயெல்லாம் இப்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நடுங்கியது. அப்போதும் லஸ்கர் சொன்னது சரி என்று ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அச்சில் வந்ததால்தான் அது உண்மையாயிற்று.

நத்தங்குளத்து ஆயக்கட்டுக்காரர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். வருகிற மழை கொஞ்சமாகத்தான் வரும், ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது. ஆகவே கலுங்கை அடைத்துவிட வேண்டியது. கலுங்கு என்பது கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கட்டிய வழி. அதன் மேல் வரிசையாக நட்டிருக்கும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்மூட்டையை வைத்து அடைத்தால், கண்மாயில் இன்னும் மூன்றடி தண்ணீர் நிற்கும். கரைதான் அதைத் தாங்காது.

ஐப்பசி முதல் வாரம் மொக்கைச்சாமி போனபோது மூட்டை அடுக்கும் வேலை முடியப்போகும் நேரம். வானத்தில் மேகம் திரள ஆரம்பித்திருந்தது.

“மூட்டைய எடுங்க. பேப்பர்ல பாதிதான் போட்டிருக்கான். சாரலுக்குத்தான் கேடு, ஐப்பசிக்கு இல்ல. இந்த வருசம் கிழக்குமழை கூடுதலா வரும். கரை நிக்காது” என்றார். அவருக்குத் தெரிந்த அளவில் அது பணிவான பேச்சு.

“வடக்க எவன்ட்ட எம்புட்டு வாங்குனீக?” என்றார் ராக்கப்பன். “எங்க தண்ணிய வெளிய விடச் சொல்லி யாரு அனுப்புனா?”

மொக்கைச்சாமி குனிந்து ஒரு மூட்டையைத் தாமே இழுத்தார். தங்கச்சாமி பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டு, கன்னத்தில் ஓர் அறை விட்டான். அக்காள் புருஷனை, ஐம்பத்திரண்டு வயது ஆளை, அத்தனை பேர் பார்க்க அடித்தான். அடித்த பிறகு அவனுக்கே திக்கென்றிருந்தது, ஆனால் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

மொக்கைச்சாமி அங்கேயே நின்றார். பத்து வருஷத்து வயிற்றெரிச்சலும் அப்போது அவர் வாயில் வந்து நின்றது. ஞானபாக்கியம் சொன்ன ஆறு ஏழு தடவை எல்லாம் எங்கோ போய்விட்டது.

“கார்த்திகை முடியறதுக்குள்ள இந்தக் கரை ஒடையும். மொதல்ல ஒன் வீட்டுக்குள்ளதாம்லே தண்ணி வரும். தொழுவத்துல நிக்கிற மாடு மெதந்து போறத நீ பாப்ப. சொல்லுறது நானு, ஏலேநீனா.”

தெரிந்த விஷயத்தைச் சொல்லத்தான் அவர் அங்கே போனார். சொல்லும்போது அது சாபமாகிவிட்டது. அவர் அதை ஆசைப்பட்டே சொன்னார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மழை வந்தது. ஐப்பசி பாதியிலிருந்து விட்டு விட்டுப் பெய்தது, கார்த்திகையில் விடாமல் பெய்தது. ஒருநாள் காலை எட்டரைக்கு மழைமானியில் நூற்று எழுபத்தொரு மில்லிமீட்டர் இருந்தது. அவர் இரண்டு தரம் அளந்து பார்த்தார். ஓடையில் தண்ணீர் மலை மண்ணோடு செக்கச் செவேலென்று வந்தது. முறைப்படி, மணலோடு வெள்ளத்தை ஓடையிலேயே கீழே விடுகிற மணல்வாரி மடையைத் திறந்து, தெற்கு ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினார். நத்தங்குளத்துக்குப் போகிற தண்ணீரில் தன்னால் நிறுத்த முடிந்ததையெல்லாம் நிறுத்தினார். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் ஓடை வழியாக மட்டுமா வரும்? சுற்றிலும் உள்ள காடுமேடெல்லாம் வழிந்து அதற்குள்தான் இறங்கியது. வழிந்தோட இடமில்லாத கண்மாய் அன்று மத்தியானம் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது.

ஆள் சேதம் இல்லை. பகல் நேரமானதால் தப்பித்தார்கள். இருபத்தாறு வீடு விழுந்தது. உடைப்புக்கு நேராக இருந்தது தங்கச்சாமியின் வீடு. அவனுடைய இரண்டு உழவுமாடுகளும் ஒரு பசுவும் கயிற்றோடு போயின.

செய்தி கேட்டபோது மொக்கைச்சாமிக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நிமிஷம்தான், ஆனால் வந்தது. பிறகு உடம்பெல்லாம் கூசியது. சண்முகத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொன்னீகளே, நடந்துருச்சு” என்றாள். அவள் குரலில் பெருமை இல்லை.

இனி ஊர் தன்னிடம் வரும், அவமானத்தோடாவது வரும் என்று அவர் காத்திருந்தார். ஊர் வரவில்லை. டீக்கடைப் பக்கம் போனால் சிரிப்பு இல்லை, ஏலேநீனா இல்லை. பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். ஒரு கர்ப்பிணிப்பெண் அவர் சைக்கிளைப் பார்த்ததும் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது. லஸ்கருக்குக் கருநாக்காம். கெட்டது சொன்னால் அப்படியே பலித்துவிடுமாம். கலுங்கை அடைத்தவர்கள் யார் என்கிற பேச்சே ஊரில் எழவில்லை.

தை பிறந்து ஒரு காலையில் தங்கச்சாமி வந்தான். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. அவன் மகள் அய்யம்மாளுக்கு ராஜபாளையத்தில் கல்யாணம். கூடவே ராக்கப்பனும் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கச்சாமி நெடுஞ்சாண்கிடையாக மொக்கைச்சாமி காலில் விழுந்தான்.

“அத்தான், எண்பத்தேழுல நாங்க பண்ணுனது தப்பு. ஆயக்கட்டு அம்புட்டுப் பேரும் கூடி ஒத்துக்கிட்டோம். தலைவரையே கூட்டியாந்திருக்கேன்.”

ராக்கப்பன் தலையை ஆட்டினார். சண்முகத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பத்து வருஷமாக மொக்கைச்சாமி கேட்டுக் கிடந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். அவனைத் தூக்கி நிறுத்தக் கையை நீட்டினார்.

தங்கச்சாமி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஒங்கள எரிச்சிருக்கக் கூடாது. அன்னைக்கே இந்த மாதிரிக் கால்ல விழுந்து, மழை வரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான்னு கேட்டிருக்கணும். ஒங்க நாக்கோட மகிமை அப்பத் தெரியாமப் போச்சு.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

“கல்யாணத்துக்கு நீங்களும் அக்காவும் முன்னால வந்து நிக்கணும். ஒண்ணே ஒண்ணு அத்தான்.” தங்கச்சாமி தரையைப் பார்த்தான். “பிள்ளைகளப் பாத்து மட்டும் ஒண்ணும் சொல்லிறாதீக. நல்ல வார்த்தையாக்கூட வேண்டாம். எம் மவ பயப்படுதா.”

கடல், நோட்டு, பத்துக்கு ஆறு ஏழு, அடைத்த கலுங்கு, எல்லாம் ஒன்றாக மொக்கைச்சாமியின் நெஞ்சில் முட்டின. அவர் வாயைத் திறந்தார். தங்கச்சாமியும் ராக்கப்பனும் சட்டென்று இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். ராக்கப்பனின் கை தன்னையறியாமல் எழுந்து முகத்தை மறைத்தது. நடிப்பு இல்லை, நிஜமான பயம். மொக்கைச்சாமி வாயை மூடினார்.

அவர்கள் போன பிறகு சண்முகத்தாய் பெட்டியைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்து உதறினாள். பத்து வருஷம் மடித்த மடிப்பில் சேலை நைந்திருந்தது.

“நான் கருநாக்குக்காரனா?” என்றார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கப்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போணும். பேசாம வாங்க” என்றாள்.

போனார். ராஜபாளையத்து மண்டபத்தில் மாமா முறைக்கு அவரை முன்வரிசையில் நிறுத்தினார்கள். அதில் குறை வைக்கவில்லை. சுற்றிலும் ஒரு கை நீளத்துக்கு ஆள் இல்லாமல் இருந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று, தாலி ஏறியது. நல்லா இருங்க, நூறு வருஷம் இருங்க என்று எல்லோரும் அரிசியைத் தூவினார்கள். குனிந்திருந்த அய்யம்மாள் அப்போது தலையை நிமிர்த்தி அவர் பக்கம் திரும்பினாள். அவள் பார்த்தது அவர் முகத்தை அல்ல, வாயை.

மொக்கைச்சாமி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அரிசியைப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளை மூச்சு விட்டது.